வேப்பிலைக் கஷாயத்தில் வெள்ளி நானோ துகள்கள்: முதன்முறை செய்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓட்டுப் போட்டுவிட்டு வரும்போது விரலில் ஊதாவாக இருக்கும் மை, வெயிலில் நடந்து வீடு சேர்வதற்குள் கருத்துவிடுகிறது. சோப்புப் போட்டாலும் போகாது. நகம் வளர்ந்து வெட்டுப்படும்வரை இருக்கும். 1962 பொதுத்தேர்தலிலிருந்து இந்தியாவில் பயன்படும் அந்த மை மைசூரில் தயாராகிறது. அதிலுள்ள முக்கியப் பொருள் சில்வர் நைட்ரேட். தோலிலுள்ள உப்போடு சேர்ந்து, வெளிச்சமும் பட்டு, அதிலிருக்கும் வெள்ளி அயனி உலோக வெள்ளியாக மாறுவதால் வரும் கருமை அது.

நாம் செய்யப்போவதும் இதே மாற்றம்தான். தோலுக்குப் பதில் வேப்பிலைக் கஷாயம். மை தாறுமாறாகப் படிகிறது. நமக்கு வேண்டியது தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான, தனித்தனியாக மிதக்கும் துகள்கள். கல்லூரித் திட்டப்பணிக்கு இந்தத் தலைப்பை எடுக்கிற மாணவர்கள் நிறையப் பேர். நிறம் மாறியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறவர்களும் நிறையப் பேர். உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். ஆய்வகமும், வழிகாட்ட ஓர் ஆசிரியரும் இருக்கும் இடத்தில் செய்வதற்கான குறிப்பு இது. வீட்டுச் சமையலறையில் செய்ய வேண்டாம்.

இலை எப்படி வேலை செய்கிறது

சில்வர் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்தால், ஓர் எலக்ட்ரான் குறைந்த வெள்ளி அயனிகள் கரைசலில் தனித்தனியே திரியும். அந்த எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருளுக்கு ஒடுக்கி என்று பெயர். எலக்ட்ரான் பெற்ற அணுக்கள் சேர்ந்து சிறு கருவாகும், கரு வளர்ந்து துகளாகும். அப்படியே விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் தங்கிவிடும். ஒட்டவிடாமல் தடுக்க ஒவ்வொரு துகளுக்கும் ஒரு போர்வை வேண்டும்.

வழக்கமான முறைகளில் ஒடுக்கியாகச் சோடியம் போரோஹைட்ரைடு, ஹைட்ரசீன் போன்றவற்றைப் பயன்படுத்துவார்கள். இரண்டும் நச்சு. கஷாயத்தில் இரண்டு வேலைக்குமே ஆள் இருக்கிறது: பாலிஃபீனால்கள், ஃபிளேவனாய்டுகள், டெர்பினாய்டுகள் என்னும் இலைச் சேர்மங்களும் சர்க்கரைகளும் எலக்ட்ரானைக் கொடுக்கின்றன, அவற்றின் மிச்சமும் புரதங்களும் துகளின் மேல் படிந்து போர்வையாகின்றன. புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு 2004-இல் வேப்பிலைக் கஷாயத்தில் வெள்ளி, தங்கம் இரண்டின் துகள்களையும் செய்து காட்டியது. அன்று முதல் துளசி, நெல்லி, கற்றாழை என்று நம் ஊர்ச் செடிகள் பலவற்றிலும் செய்துவிட்டார்கள். கஷாயத்தில் கணக்கற்ற பொருள்கள் கலந்திருப்பதால், எந்த மூலக்கூறு எவ்வளவு வேலை செய்கிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். இலை மாறினால் துகளும் மாறும்.

முதலில் தண்ணீர்

செடியைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள், தண்ணீரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. என்னிடம் வந்த ஒரு மாணவியின் குடுவையில் இலைச்சாறு விழுவதற்கு முன்பே கரைசல் பால்போல் வெளுத்துவிட்டது. மூன்று நாள் இலையைக் குறை சொன்னோம். கடைசியில் பார்த்தால், முகவையைக் குழாய்த் தண்ணீரில் அலசி அப்படியே பயன்படுத்தியிருக்கிறார்.

வெள்ளி அயனிக்குக் குளோரைடு கிடைத்தால் உடனே வெள்ளி குளோரைடாகி வெண்மையாக வீழ்படியும். குழாய்த் தண்ணீரில் குளோரைடு உண்டு, போர் தண்ணீரில் இன்னும் அதிகம், வியர்த்த கையிலும் உண்டு. எனவே எல்லாக் கண்ணாடிப் பாத்திரங்களையும் கழுவியபின் காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசுங்கள். கடையில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் தண்ணீர் பல நேரம் காய்ச்சி வடித்தது அல்ல, தாது நீக்கியது. தரம் கேனுக்குக் கேன் மாறும். நம்புவதற்கு முன் சோதித்துவிடுங்கள். சுத்தமான சோதனைக் குழாயில் 10 மி.லி. எடுத்து, இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் கரைசல் விட்டு, பின்னால் கறுப்புத் தாள் பிடித்துப் பாருங்கள். மங்கல் தெரிந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

இலை பறிப்பது

ஒரே மரத்தில் பறியுங்கள். வேம்பு மாசி, பங்குனியில் இலை உதிர்த்துச் செந்தளிர் விடும். அந்தத் தளிரும் ஆடி மாதத்து முற்றிய இலையும் பெயரளவில்தான் ஒன்று. உள்ளிருக்கும் பொருள்களின் அளவு வேறு. பங்குனியில் வந்த முடிவு ஆவணியில் வராமல் போனால் ஆச்சரியப்படாதீர்கள். கொழுந்தும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல், நன்றாக விரிந்த கரும்பச்சை இலையைத் தேர்ந்தெடுங்கள். நெடுஞ்சாலை ஓரத்து மரமும் பூச்சிமருந்து அடித்த தோட்டத்து மரமும் வேண்டாம். எந்த மரம், எந்தத் தேதி, எத்தனை மணி, முந்தின நாள் மழை உண்டா என்பதெல்லாம் குறிப்பேட்டில் ஏறவேண்டும்.

பல மாதம் நீளும் வேலையாக இருந்தால் நான் சொல்லும் யோசனை இது: ஒரே நாளில் இரண்டு மூன்று கிலோ இலை பறித்து, கழுவி, நிழலில் சருகாக உலர்த்தி, பொடித்து, காற்றுப் புகாத புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சோதனைவரை அந்த ஒரே பொடிதான். பச்சையிலையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், கீழே சொல்லும் 10 கிராமுக்குப் பதில் 2 அல்லது 3 கிராம் பொடி போதும்.

கஷாயம்

பச்சையிலையானால் முதலில் குழாய்த் தண்ணீரில் தூசு போகக் கழுவி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் இருமுறை அலசி, பருத்தித் துணியில் பரப்பி ஈரம் ஒற்றியெடுங்கள். ஈர்க்கை நீக்கிவிட்டு 10 கிராம் எடைபோட்டுப் பொடியாக நறுக்கி, 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் போட்டு, 80 பாகை செல்சியஸில் 10 நிமிடம் வையுங்கள். மருந்துக் கஷாயம்போல் நாலில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சக்கூடாது. கஷாயமே கறுத்துவிட்டால் பிறகு துகளின் நிறத்தைப் பிரித்தறிய முடியாது.

ஆறியதும் முதலில் மெல்லிய துணியில் வடிகட்டி, பிறகு வாட்மேன் 1-ஆம் எண் வடிதாளில் மறுபடி வடிகட்டுங்கள். இளமஞ்சளாக, கண்ணாடிபோல் தெளிவாக இருக்கவேண்டும். அன்றே பயன்படுத்துவது நல்லது. வைத்துத்தான் ஆகவேண்டுமென்றால் குளிர்பெட்டியில் 4 பாகையில், அதுவும் சில நாட்களுக்கு மட்டும். கலங்கினாலோ வாடை மாறினாலோ கொட்டிவிடுங்கள்.

வெள்ளிக் கரைசல்

சில்வர் நைட்ரேட்டைத் தொடும்முன் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். தோலில் பட்டால் ஓட்டு மை கதைதான், பல நாள் கருப்பு போகாது. கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து.

நமக்கு வேண்டியது 1 மில்லிமோலார் கரைசல், அதாவது லிட்டருக்கு ஒரு மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 169.9. எனவே 100 மி.லி.க்கு 0.017 கிராம் போதும். இவ்வளவு சிறிய எடையைச் சாதாரணத் தராசில் நிறுத்தால் பிழை அதிகமாகும். அதனால் 0.17 கிராம் எடுத்து 100 மி.லி.யில் கரைத்து 10 மில்லிமோலார் தாய்க் கரைசல் செய்துகொண்டு, அதில் 10 மி.லி.யைப் பிப்பெட்டால் எடுத்து 100 மி.லி. ஆக்குங்கள். தாய்க் கரைசல் பழுப்பு நிறப் புட்டியில், மேலே அலுமினியத் தாள் சுற்றி, இருட்டில் இருக்கட்டும்.

கலப்பது

ஒன்றல்ல, மூன்று கூம்புக் குடுவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் 45 மி.லி. வெள்ளிக் கரைசல், அதில் 5 மி.லி. கஷாயத்தைக் காந்தக் கலக்கியில் சுழலவிட்டபடி சொட்டுச் சொட்டாக விடவேண்டும். இரண்டாவதில் 45 மி.லி. தண்ணீரும் 5 மி.லி. கஷாயமும், வெள்ளி இல்லாமல். மூன்றாவதில் 45 மி.லி. வெள்ளிக் கரைசலும் 5 மி.லி. தண்ணீரும், கஷாயம் இல்லாமல். மூன்றையும் அலுமினியத் தாளால் சுற்றி ஒரே மேசையில் வையுங்கள்.

இந்த இரண்டாவது, மூன்றாவது குடுவைகளைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாமல் முதல் குடுவைக்கு அர்த்தமே இல்லை. வெட்டி வைத்த வாழைக்காய் கருப்பதுபோல வெறும் கஷாயமும் காற்றுப்பட்டு நிறம் கூடும். அது எவ்வளவு என்று இரண்டாவது குடுவை சொல்லும். சில்வர் நைட்ரேட் வெளிச்சத்தில் தானாகவும் கருக்கும். அதை மூன்றாவது குடுவை சொல்லும். வெயிலில் வைத்துச் செய்தால் வேகமாக நடக்கும் என்பது உண்மை. ஆனால் அது வேறொரு சோதனை, அதற்கும் இதே மூன்று குடுவை வேண்டும்.

கலந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 15 நிமிடம், 30 நிமிடம், 1 மணி, 2 மணி, 4 மணி, மறுநாள் அதே நேரம் என்று தாளை விலக்கிப் பாருங்கள். வெள்ளைத் தாளைப் பின்னணியாக வைத்து, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுங்கள். இளமஞ்சள் தேன் நிறமாகி, பிறகு கடுங்காப்பி நிறமாகும். முதன்முறை இதைப் பார்க்கும்போது மனம் துள்ளும். எத்தனை முறை செய்த பின்னும் எனக்கு அப்படித்தான்.

வெள்ளைப் பளபளப்பான உலோகம் ஏன் மஞ்சளாகத் தெரிகிறது? இவ்வளவு சிறிய துகளிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளி பட்டதும் ஒன்றுசேர்ந்து ஊசலாடும். வெள்ளியில் அந்த ஊசலாட்டம் ஊதா நீல ஒளியை விழுங்கிவிடும். மிஞ்சியது மஞ்சளாக நம் கண்ணுக்கு வருகிறது. தங்கத் துகள் பச்சையை விழுங்குவதால் மாணிக்கச் சிவப்பாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1857-இல் லண்டனில் விளக்கிக் காட்டிய செந்நிறத் தங்கக் கரைசல் இதுதான். தங்கம் கரைந்துவிடவில்லை, மிக நுண்ணிய துகளாக மிதக்கிறது என்பதை, அதன் வழியே ஒளிக்கற்றையைச் செலுத்தி அவர் உணர்ந்தார். நீங்களும் இருட்டறையில் லேசர் சுட்டியின் ஒளியைக் குடுவை வழியே செலுத்திப் பாருங்கள், பாதை கோடாகத் தெரியும். வெறும் கஷாயத்திலும் மங்கலாகத் தெரியலாம். இரண்டாவது குடுவை இங்கேயும் உதவுகிறது.

கருவி சொல்வது

எந்த அலைநீள ஒளியைக் கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் யுவி-விசிபிள் நிறமாலைமானி கல்லூரியில் இருந்தால் 300 முதல் 700 நானோமீட்டர்வரை ஓட்டுங்கள். கரைசல் அடர்த்தியாக இருந்தால் உச்சி தட்டையாகிவிடும். உறிஞ்சல் 1-ஐ ஒட்டி வரும்படி தண்ணீர் சேர்த்து நீர்த்துவிட்டு, எத்தனை மடங்கு என்று எழுதிவையுங்கள். வெள்ளித் துகளுக்கு 400 முதல் 450-க்குள் ஓர் உச்சி வரவேண்டும். ஒடுங்கிய உச்சி என்றால் அளவுகள் ஏறக்குறைய ஒத்திருக்கின்றன. அகன்று சிவப்புப் பக்கம் இழுத்தால் பெரிய துகள்களோ ஒட்டிய துகள்களோ கலந்திருக்கின்றன. இந்த ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு "20 நானோமீட்டர் துகள் கிடைத்தது" என்று எழுதாதீர்கள். அளவைச் சொல்ல ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்; அதிலும் அழகான நாலு துகளை மட்டும் பொறுக்காமல் நூறுக்கு மேல் எண்ணி அளக்கவேண்டும். சென்னை ஐஐடி-யிலுள்ள நவீனப் பகுப்பாய்வுக் கருவி மையம்போன்ற இடங்களில் வெளி ஆட்களின் மாதிரியையும் கட்டணம் பெற்றுச் சோதித்துத் தருகிறார்கள்.

அனுப்புவதற்கு முன் துகளைக் கழுவவேண்டும். நிமிடத்துக்கு 12,000 சுற்றில் 15 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேல் நீரை எடுத்துவிட்டு, புதுத் தண்ணீரில் கலக்கி மறுபடி சுழற்றுங்கள், மொத்தம் மூன்று முறை. எதிரெதிர்க் குழாய்களின் எடை சமமாக இருக்கட்டும். 4,000 சுற்றுக்கு மேல் போகாத சிறிய கருவியில் நுண்துகள் இறங்காது. மேல் நீரோடு கொட்டிவிட்டு, துகளே வரவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே விளிம்பு விலகல் வரைபடம் கிடைத்தால், செம்பிலிருந்து வரும் எக்ஸ்ரேயில் 38.1, 44.3, 64.4, 77.4 பாகைகளை ஒட்டி வெள்ளிக்குரிய நான்கு உச்சிகளைத் தேடுங்கள். கூடவே 27.8, 32.2, 46.2 பாகைகளில் உச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது வெள்ளி குளோரைடு. இலையிலேயே கொஞ்சம் குளோரைடு இருப்பதால் சிறிதளவு வருவது இயல்பு. அச்சான பல கட்டுரைகளில் இந்த உச்சிகளுக்குப் பெயரே கொடுக்காமல் விட்டிருப்பதையும், "இலையின் கரிமப் பொருள்" என்று கடந்துபோவதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் குறிப்பேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்; கலப்படத்தை ஒப்புக்கொள்வதால் உழைப்புக்கு இழுக்கில்லை.

துகளின் மேல் என்ன மூலக்கூறு படிந்திருக்கிறது என்று பார்க்கும் அகச்சிவப்பு நிறமாலையிலும் அவசரம் வேண்டாம். 1635 செ.மீ.⁻¹-ஐ ஒட்டிய பட்டை புரதத்தாலும் வரும், சரியாக உலராத மாதிரியிலுள்ள தண்ணீராலும் வரும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

அடிப்படைச் செய்முறை மூன்று முறை ஒரேமாதிரி வந்தபிறகு கஷாயத்தின் அளவை 1, 2.5, 5 மி.லி. என்று மாற்றிப் பாருங்கள். இன்னொரு நாள் வெப்பத்தை 30, 60 பாகை என்று மாற்றுங்கள். பிஎச் கூடினால் ஃபீனால்கள் எளிதில் எலக்ட்ரானைக் கொடுக்கும், வினை வேகமாகும், பெரும்பாலும் துகளும் சிறுக்கும். இங்கே இரண்டு பொறிகள் உண்டு. காரத்தை நேராக வெள்ளிக் கரைசலில் விட்டால் பழுப்பு வெள்ளி ஆக்சைடு வீழ்படியும். அந்தப் பழுப்பைப் பார்த்து நானோ துகள் என்று ஏமாறாதீர்கள். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைக் கஷாயத்தில் சொட்டி 8-க்குக் கொண்டுவந்து, பிறகு சேருங்கள். பிஎச்சைக் குறைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம், அதிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்துவிடும். நீர்த்த நைட்ரிக் அமிலம் எடுங்கள். அம்மோனியா பக்கமே போகாதீர்கள். சில்வர் நைட்ரேட்டும் அம்மோனியாவும் கலந்த கரைசலை வைத்துவிட்டால், நாளடைவில் லேசாக அசைத்தாலே வெடிக்கும் பொருள் அதில் உண்டாகும்.

நிறமே மாறவில்லையென்றால் கஷாயம் நீர்த்துப்போயிருக்கும், அல்லது பழசாக இருக்கும். 60 பாகையில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். கருநிறத் தூள் அடியில் தங்கினால் போர்வை போதவில்லை: கஷாயத்தைக் கூட்டுங்கள், அல்லது வெள்ளிக் கரைசலின் செறிவைக் குறையுங்கள். குடுவைச் சுவரில் வெள்ளி முலாம்போல் ஒட்டினால் பாத்திரம் சரியாகக் கழுவப்படாமல் இருந்திருக்கலாம்.

பாக்டீரியாவைக் கொல்கிறதா என்று சோதிக்க எல்லோருக்கும் ஆசை. துகளோடு சேர்த்து வெறும் கஷாயத்தையும், அதே அளவு வெள்ளி கொண்ட சில்வர் நைட்ரேட்டையும், கடைசியாகக் கழுவிய மேல் நீரையும் சோதியுங்கள். வேம்பு தன்னளவிலேயே கிருமிக்கு ஆகாது, வெள்ளி அயனியும் அப்படித்தான். கொன்றது யார் என்று தெரியவேண்டுமே. துகளைக் குடிப்பதும் புண்ணில் தடவுவதும் கூடவே கூடாது. வெள்ளியைத் தொடர்ந்து உட்கொண்டால் தோல் நிரந்தரமாகச் சாம்பல் நீலமாகிவிடும். அந்த நிலைக்கு ஆர்ஜிரியா என்று பெயர். இலையில் செய்ததால் அது மூலிகை மருந்தாகிவிடாது.

கழிவு

இலையைப் பயன்படுத்துவதாலேயே ஒரு முறை பசுமை முறையாகிவிடும் என்று நான் நம்பவில்லை. 1998-இல் பால் அனாஸ்டாஸும் ஜான் வார்னரும் எழுதிவைத்த பசுமை வேதியியலின் 12 கோட்பாடுகளில் முதலாவதே கழிவு உண்டாகாமல் தடுப்பதுதான். வெள்ளி அயனி நீர்ப்பூச்சிகளுக்கும் மீன்களுக்கும் கடும் நஞ்சு. சில நுண்ணுயிர்களுக்கும் சிறு நீர்வாழ் உயிர்களுக்கும் லிட்டருக்குச் சில மைக்ரோகிராமே போதும். மீந்த கரைசலைத் தொட்டியில் ஊற்றினால் நாம் செய்ததெல்லாம் வீண்.

அதனால் தொடங்கும் நாளிலேயே "வெள்ளிக் கழிவு" என்று எழுதிய ஒரு வாய் அகன்ற புட்டியை மேசையில் வையுங்கள். மீந்த சில்வர் நைட்ரேட், மூன்றாவது குடுவை, கழுவிய மேல் நீர், முதல் குடுவையின் மிச்சம் எல்லாம் அதற்குள். வாரக் கடைசியில் சமையல் உப்பை நன்றாகக் கரைத்து அதில் ஊற்றுங்கள். அயனிகள் வெள்ளி குளோரைடாக இறங்கும், மிதக்கும் துகள்களும் உப்பின் செறிவால் ஒட்டி இறங்கத் தொடங்கும். ஓரிரு நாள் அசையாமல் வைத்து, மேல் நீரைச் சிறிது எடுத்து இன்னொரு சொட்டு உப்புக் கரைசல் விடுங்கள். மங்கல் வரக்கூடாது, மஞ்சள் நிறமும் மிஞ்சியிருக்கக்கூடாது. மிஞ்சியிருந்தால் இன்னும் உப்புச் சேர்த்துக் காத்திருங்கள். அடியில் தங்கியதை வடிதாளில் பிடித்து உலர்த்தி, பழுப்புப் புட்டியில் சேர்த்துவையுங்கள். அதிலிருந்து வெள்ளியை மீட்க முடியும். வடித்த நீரையும் சேர்த்து ஆய்வகக் கழிவைக் கையாளும் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள். வடிகட்டிய இலைச் சக்கை வெள்ளி படாதது, அதை வேப்பமரத்தடியிலேயே போட்டுவிடலாம்.